வீட்டுக்காரர் என்று வந்தவர் வீட்டுக்காரர்தானா? பெங்களூரு வாடகைச் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

முருகேஷ்பாளையாவில் நான் எடுத்த முதல் வாடகை வீட்டில், பத்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வயதான ஒருவர் கதவைத் தட்டினார். "நீவு யாரு?" என்று கேட்டார். குடியிருக்கிறேன் என்றேன். அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டின் சொந்தக்காரர் அவர்தான். வீடு காலியாகக் கிடக்கிறது என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் 80,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்ததும், மாதம் தவறாமல் வாடகை கொடுத்ததும் 'மேனேஜர்' என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம். பல மாதம் அலைந்து 25,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

அதற்குப் பிறகு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான சிக்கல்களோடுதான் வருகிறார்கள். அவற்றைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனை

மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று, உங்கள் வாடகைப் பணம் யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இரண்டு, ஒப்பந்தத்தில் வீடு கொடுப்பவராகக் கையெழுத்துப் போட்டிருப்பது யார். மூன்று, இந்த ஆண்டுச் சொத்துவரி ரசீதிலும் காத்தாவிலும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) இருப்பது யார் பெயர்.

மூன்றும் ஒரே பெயர் என்றால் உங்கள் சிக்கல் எதுவாக இருந்தாலும் பாதி தீர்ந்த மாதிரி. வேறு வேறு பெயர்கள் என்றால் அவற்றை இணைக்கும் தாள் ஒன்று இருக்க வேண்டும். அது பவர் பத்திரமாக இருக்கலாம், வாரிசுச் சான்றாக இருக்கலாம், கணவன் மனைவி கூட்டாக வாங்கிய பத்திரமாக இருக்கலாம். அந்தத் தாளை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். "இருக்கு சார், அப்புறம் அனுப்புறேன்" என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெஸ்காம், அதாவது இங்குள்ள மின்வாரியத்தின் பில்லில் இருக்கும் பெயரை நம்பிவிடாதீர்கள். வீடு இரண்டு கை மாறியும் பில் பழைய பெயரிலேயே வரும். சொத்துவரி ரசீது அதைவிட நல்ல சான்று. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்ததால் பழைய ரசீதிலும் புதிய ரசீதிலும் அலுவலகப் பெயர் வேறாக இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். பெரிய தொகை கொடுக்கிறீர்கள் என்றால் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

அடுத்து, சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்நாடக வாடகைச் சட்டம் என்று 1999-ல் ஒன்று வந்தது. ஆனால் பெங்களூருவில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்றைக்கு 3,500-க்கு ஒற்றை அறைகூடக் கிடைப்பது அரிது. ஆக, நம்மில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அப்புறம் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மூன்றாவது நம் கையில் இருப்பது. அதைத்தான் நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

தமிழ்நாட்டில் 2017-ல் வந்த வாடகைச் சட்டத்தை வைத்துக்கொண்டு "மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாதே" என்று இங்கே வாதாடுகிறவர்கள் உண்டு. அது ஒசூரோடு முடிந்துவிடுகிறது. அத்திப்பள்ளி தாண்டினால் செல்லாது. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாத அட்வான்ஸ்தான் என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே, தானாக எங்கும் நடைமுறைக்கு வராது.

அறிகுறி: "ஓனர் ஃபாரின்ல இருக்கார், எல்லாம் நான்தான்"

மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்ட், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இது அன்றாட வசனம். பல நேரம் உண்மையாகவும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதில் தவறில்லை. அந்த ஆளுக்கு என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பவர் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: வீட்டை வாடகைக்கு விடும் அதிகாரம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம், பணம் வாங்கும் அதிகாரம். 'பராமரிக்க' மட்டும் அதிகாரம் கொடுத்த பத்திரத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அடுத்து உரிமையாளரோடு ஒரு வீடியோ அழைப்பு கேளுங்கள். சொத்துவரி ரசீதில் உள்ள பெயரும் அவர் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். அழைப்பு முடிந்ததும் அவருக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்னார் உங்கள் சார்பில் இந்த வீட்டை எனக்கு வாடகைக்குத் தருகிறார், அட்வான்ஸ் இவ்வளவு, சரிதானே?" "ஆமாம்" என்று ஒரு சொல் பதிலாக வந்தால் போதும். பின்னாளில் அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஏனென்றால், இவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று உங்களை நம்ப வைத்தது உரிமையாளரின் சொல்லோ செயலோ என்றால், உள்ளுக்குள் அதிகாரம் கொடுக்காமல் விட்டிருந்தாலும் அவரைக் கட்டுப்படுத்தும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 237-ம் பிரிவு. அதிகாரமே இல்லாமல் முகவர் என்று நடித்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 235-ம் பிரிவு.

சிலர் விசிட்டிங் கார்டில் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். அந்த எண் வீட்டுத் திட்டங்களில் விற்பனைக்குத் தரகு பார்க்கும் முகவர்களுக்கானது. வாடகைக்கு வீடு காட்டுகிறவரிடம் அது இருப்பதால் உங்கள் அட்வான்ஸுக்கு எந்தப் பாதுகாப்பும் வராது. வாடகைத் தரகர்கள் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1999 கர்நாடகச் சட்டத்தில் இருக்கிறது. "உங்கள் பதிவுச் சான்றைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட எவரும் இதுவரை காட்டியதில்லை. கேட்டவுடன் பேச்சின் தொனி மாறுவதைக் கவனித்திருக்கிறேன். பதிவு இல்லாத ஒருவரோடு சேர்ந்துதான் வீடு எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் ஒரே விதி: தரகுக் கூலி அவருக்கு, அட்வான்ஸும் வாடகையும் உரிமையாளர் கணக்குக்கு நேராக. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வீடு எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே குடிவந்துவிட்டீர்கள், இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்றால்? வாடகையை நிறுத்திவிடாதீர்கள், அது உங்கள் பக்கத் தவறாகிவிடும். ரசீதில் உள்ள உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள்: இனி யார் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று. பதில் வந்ததும் அதன்படி செய்யுங்கள்.

அறிகுறி: லீஸுக்கு வந்திருக்கிறீர்கள், ஒருநாள் முன்பின் தெரியாதவர் வந்து "மூணு மாசமா வாடகை வரல" என்கிறார்

பெங்களூருவில் நம் மக்களை மிகவும் அடித்துப்போடுவது இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

லீஸ் என்று இங்கே சொல்வது நம் ஊர்ப் போகியம், ஒத்தி மாதிரி. கன்னடத்தில் போக்யா. மொத்தமாகப் பத்து லட்சம், பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். உரிமையாளரோடு நேராக, பதிவு செய்து செய்தால் இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இடையில் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி புகும்போதுதான் கெடுகிறது. அவர்கள் உரிமையாளரிடம் "மாதம் 25,000 வாடகை தருகிறோம், ஆளை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று ஒரு ஒப்பந்தம் போடுகிறார்கள். அதே வீட்டை உங்களுக்கு 15 லட்சத்துக்கு லீஸ் கொடுக்கிறார்கள். உங்கள் பணத்திலிருந்தே உரிமையாளருக்குச் சில மாதம் வாடகை போகிறது. பிறகு நின்றுவிடுகிறது. அலுவலகத்தில் பூட்டு தொங்குகிறது.

கையெழுத்துக்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் போட்டாலே போதும். உரிமையாளரே 15 லட்சம் வாங்கி 9 சதவீத வட்டிக் கடனை அடைக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு ஆண்டுக்கு 1,35,000 மிச்சம், அதாவது மாதம் 11,250. வாடகைக்கு விட்டால் 25,000 வரும் வீட்டை அவர் ஏன் 11,250-க்குக் கொடுக்க வேண்டும்? அவசரமாக மொத்தப் பணம் தேவைப்பட்டால் கொடுக்கலாம். அந்த அவசரம் என்ன என்று கேட்டால் நேர்மையானவர் சொல்லிவிடுவார்: மகள் கல்யாணம், மேல்மாடி கட்டுவது, இப்படி ஏதாவது. நடுவில் இருப்பவர் கதை வேறு. பதினொரு மாதத்தில் வாடகையாகவே அவர் கையிலிருந்து 2,75,000 போய்விடும். அப்படியும் உங்களுக்கு 15 லட்சம் முழுதாகத் திரும்பித் தர வேண்டும். எங்கிருந்து தருவார்? அடுத்து வரும் குடும்பத்தின் லீஸ் பணத்திலிருந்துதான். எங்கோ ஒரு வீட்டுக்கு ஆள் வராத மாதத்தில் எல்லாம் சரிந்துவிடும்.

சரி, சரிந்துவிட்டது, உரிமையாளர் வாசலில் நிற்கிறார். என்ன செய்வது?

அவர் எதிரி இல்லை, அவரும் ஏமாந்தவர்தான். அந்தக் கோபத்தில் அவர் என்ன சொன்னாலும் நிதானமாக இருங்கள். சாவியைக் கொடுக்காதீர்கள். வெள்ளைத்தாளிலோ, "இத்தனை நாளில் காலி செய்கிறேன்" என்று எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்து, அவர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்வாடகைக்கு விட அனுமதி கொடுத்திருக்கிறாரா, அவர் கையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி கொடுத்திருந்தால் உங்கள் நிலை நன்றாகவே இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால், 15 லட்சத்தை அவரிடம் கேட்பது கடினம் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பணத்துக்கான போராட்டம் கம்பெனி மீதுதான். ஆனால் அப்போதும் உங்களை வெளியேற்ற அவர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

அதே வாரத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மோசடி பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவு, நம்பிக்கை மோசடி 316-ம் பிரிவு. இப்படிப்பட்ட கம்பெனி ஒரே ஒரு வீட்டில் இதைச் செய்திருக்காது. அவர்கள் அலுவலகம் இருந்த கட்டடத்துக்குப் போய் நின்றால் உங்களைப் போலவே இன்னும் நாலு பேர் நிற்பார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே பட்டியல், ஒரே கோப்பாகக் கொண்டுபோங்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் மத்தியக் குற்றப்பிரிவான சி.சி.பி. வரை போக வழி உண்டு. உரிமையாளருக்கும் பாதிக்கப்பட்டவராகப் புகார் கொடுக்கக் காரணம் இருக்கிறது. அவரையும் அழைத்துப் போங்கள். ராமமூர்த்தி நகரில் எனக்குத் தெரிந்த ஒரு தருமபுரிக் குடும்பம் அப்படித்தான் செய்தது. உரிமையாளரான அந்தக் கன்னட அம்மாவும் இவர்களும் ஒரே ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பிறகு அவர்களுக்குள் குறைந்த வாடகையில் புது ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டார்கள். கம்பெனி மேல் உள்ள பழைய உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதில் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி கட்டாயம் வேண்டும்.

அறிகுறி: கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது

உரிமையாளர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் கட்டாமல் விட்டிருக்கிறார். 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தில் வங்கி முதலில் கடன்காரருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும், பிறகுதான் வீட்டைக் கைப்பற்ற வரும். நோட்டீஸைப் படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள். உங்கள் ஒப்பந்தம் அடமானத்துக்கு முந்தியதா பிந்தியதா, பதிவு செய்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்து நெடுநாள் குடியிருக்கும் உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. இருந்தாலும் குடியிருப்பவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கைப்பற்றும் நடவடிக்கையிலிருந்து 45 நாள்தான் கெடு. இதற்குத் தாமதிக்காமல் வக்கீலிடம் போங்கள், நீங்களாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

லீஸோ மாத வாடகையோ, ஓராண்டுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தமும் பதிவு செய்தால்தான் செல்லும். பதினொரு மாத ஒப்பந்தம் என்று ஊரெல்லாம் போடுவது பதிவைத் தவிர்க்கத்தான். மாத வாடகைக்கு அது பரவாயில்லை. பத்து லட்சம் கொடுத்துவிட்டுப் பதினொரு மாத முத்திரைத்தாளோடு வருவது தற்கொலைக்குச் சமம். பதிவுச் செலவு கொஞ்சம் வலிக்கும், செய்துவிடுங்கள். பதிவுக்கு வர மாட்டேன் என்று கொடுப்பவர் சொன்னால் அந்த வீடு வேண்டாம்.

அறிகுறி: தண்ணீர் நின்றது, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள், அல்லது வீட்டுக்கு வேறு பூட்டு

இது கோபத்தில் செய்கிற காரியம் போலத் தெரியும். உண்மையில் நீதிமன்றம் போகாமல் காலி செய்ய வைக்கும் குறுக்குவழி. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஒருவர் ஓர் இடத்தில் நிலையாகக் குடியிருக்கிறார் என்றால், இருக்க உரிமை இல்லாதவர் என்றே வைத்துக்கொண்டாலும், உரிமையாளர்கூடச் சட்டவழியில் அல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் இதுதான் நிலை.

பூட்டு மாற்றிவிட்டார்கள் என்றால் 112-ஐ அழையுங்கள். வருகிற காவலரிடம் ஒப்பந்தம், உங்கள் பெயருக்கு அந்த முகவரியில் வந்த சமையல் கேஸ் பில், வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு மூன்றையும் காட்டுங்கள். சட்டம் பேச வேண்டாம், "நேற்று ராத்திரி வரை இந்த வீட்டில்தான் தூங்கினேன், என் பொருள்கள் உள்ளே இருக்கின்றன" என்று மட்டும் சொல்லுங்கள். பூட்டை நீங்களாக உடைக்காதீர்கள். அன்றே வழி கிடைக்கவில்லை என்றால் 1963-ம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ம் பிரிவில் வழக்குப் போடலாம். வெளியேற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். வீடு யாருடையது என்ற கேள்விக்கே அந்த வழக்கில் இடமில்லை. குடியிருந்தீர்களா, உங்கள் சம்மதம் இல்லாமல், சட்டவழியில் அல்லாமல் வெளியேற்றினார்களா என்பது மட்டுமே கேள்வி.

மின்சாரத்துக்கு பெஸ்காம் எண் 1912, தண்ணீருக்குக் குடிநீர் வாரிய எண் 1916. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003 மின்சாரச் சட்டம் இணைப்புக் கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டும் கொடுக்கவில்லை, குடியிருப்பவருக்கும் கொடுத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்விட்ச் வீட்டுக்காரர் அறைக்குள் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் பயனில்லை. அங்கே நீதிமன்றத் தடையுத்தரவு ஒன்றுதான் வழி. அதுவரை வாங்கிய டேங்கர் தண்ணீர் ரசீதுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.

பூட்டு ஒன்றும் மாறவில்லை, ஆனால் நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மேனேஜர் மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்து போகிறார் என்றால், அதையும் சிறிய விஷயமாக விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும் பெண்கள் இதைச் சொல்லத் தயங்கி மாதக்கணக்கில் பயத்தோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாடகை கொடுக்கும் வரை வீட்டில் தொந்தரவின்றி இருக்கும் உரிமை உங்களுடையது, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உள்ளே தாழ்ப்பாளும் வெளியே உங்கள் சொந்தப் பூட்டும் போட்டுக்கொள்ளுங்கள், போட்டிருப்பதாக வீட்டுக்காரருக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள். மீண்டும் நடந்தால் அத்துமீறல் என்று புகார் கொடுங்கள்.

அறிகுறி: "இந்த மாசமே காலி பண்ணுங்க" அல்லது "அடுத்த மாசத்துல இருந்து மூவாயிரம் கூட"

ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு வரிகளைத் தேடுங்கள்: நோட்டீஸ் காலம், வாடகை உயர்வு. ஒன்றோ இரண்டோ மாத நோட்டீஸ் என்று எழுதியிருந்தால் அதுதான். எதுவுமே எழுதவில்லை என்றால் மாத வாடகைக்கு எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் வேண்டும், அதே சட்டத்தின் 106-ம் பிரிவு. வாய்மொழியாகச் சொன்னது நோட்டீஸ் ஆகாது. நோட்டீஸ் முடிந்தபின்னும் நீங்கள் போகவில்லை என்றால் அவர் வழக்குப் போட வேண்டும். இதைச் சொல்வது வருடக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்பதற்காக இல்லை. பள்ளித் தேர்வு முடியும்வரை, இன்னொரு வீடு பார்க்கும்வரை அவகாசம் கேட்டுப் பேசும் துணிவு உங்களுக்கு வர வேண்டும் என்பதற்காக. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தேதி போட்டு எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்கிறார்கள்.

வாடகை உயர்வு ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான், அதுவும் எழுதிய அளவுக்குத்தான். வீட்டை விற்றுவிட்டார் என்பதற்காக உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிடாது, புதிய உரிமையாளர் பழையவர் இடத்தில் வந்து நிற்கிறார். விற்ற செய்தி உங்களுக்குத் தெரியும் முன் பழையவருக்கு நீங்கள் கொடுத்த வாடகையைப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. ஆனால் அட்வான்ஸ் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை இருவர் கையெழுத்தோடும் எழுதி வாங்கிவிடுங்கள். இதை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கழித்துத் தேடுகிறவர்கள் நிறைய.

அறிகுறி: அட்வான்ஸ் வரவில்லை, அல்லது பாதிதான் வந்தது

பெங்களூரு அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை. இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு. 25,000 ரூபாய் வீடு என்றால் ஒன்றரை லட்சம், ஒரு குடும்பத்தின் சேமிப்பு. அதனால்தான் இதைத் திருப்பி வாங்கும் வேலை குடிபோகும் அன்றே தொடங்குகிறது என்கிறேன். காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவரில் இருக்கும் ஈரக்கறை, கீறல், உடைந்த குழாய் எல்லாவற்றையும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அதுவே தேதிச் சான்று.

காலி செய்யும்போது 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதை மறுப்பது கடினம். எழுதவில்லை என்றால், இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை என்ற 108-ம் பிரிவைக் காட்டலாம். மூன்று ஆண்டு வாழ்ந்த வீட்டுச் சுவர் மங்குவது தேய்மானம். ஆணி அடித்துப் பிளந்த டைல்ஸ் சேதம், அதற்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எதற்குப் பிடித்தாலும் பில் கேளுங்கள்.

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, புது ஆள் வந்ததும் போட்டுவிடுறேன்" என்பதுதான் பணம் வராமல் போவதன் முதல் அறிகுறி. ஆனால் பணம் வரவில்லை என்று சாவியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் அந்த மாதங்களுக்கு வாடகை ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் நோட்டீஸ் கொடுக்கும்போதே கடைசி மாத வாடகைகளை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

சாவி கொடுத்தாயிற்று, பணம் வரவில்லை என்றால் முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம்: தொகை, காலி செய்த தேதி, 15 நாள் கெடு. பிறகு வக்கீல் நோட்டீஸ். பாதிப்பேர் இந்தக் கட்டத்தில் கொடுத்துவிடுகிறார்கள். பணம் வசூலிக்கும் வழக்குக்கு மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. பணத்தை வாங்கி வைத்திருப்பது கட்டணம் வாங்கிச் சேவை செய்கிற மேனேஜ்மென்ட் கம்பெனி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதிடலாம். வீட்டுக்காரர் தனிமனிதராக வாடகைக்கு விட்டதை அங்கே கொண்டுபோனால் எடுபடாது.

வீடு பார்க்காமலேயே 'டோக்கன்' என்று ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம், அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

அறிகுறி: ஒழுகுகிறது, யாரும் வருவதில்லை

ஒப்பந்தத்தில் பெரிய பழுதுகள் வீட்டுக்காரர் பொறுப்பு என்று இருந்தால், எழுத்தில் தெரிவித்து நியாயமான அவகாசம் கொடுத்தும் செய்யவில்லை என்றால், நீங்களே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கி அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். ஒப்பந்தம் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் கழிக்கும் முன் ஒப்புதல் வாங்குங்கள்.

அறிகுறி: போலீஸில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள்

அட்வான்ஸ் தகராறு உண்மையிலேயே பெரும்பாலும் சிவில்தான். பூட்டு மாற்றியது, மிரட்டியது, வீட்டுக்குள் புகுந்தது, சொந்தமில்லாத வீட்டைச் சொந்தம் என்று காட்டிப் பணம் வாங்கியது ஆகியவை சிவில் இல்லை. புகாரில் பணக் கணக்கை முதல் வரியாக எழுதினால் சிவில் என்று திருப்பிவிடுவார்கள். என்ன செய்தார்கள், எந்தத் தேதியில், யார் பார்த்தார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைத் தபாலில் காவல் துணை ஆணையருக்கு அனுப்பலாம், அதற்கு மேல் மாஜிஸ்திரேட் இருக்கிறார். எதுவாயினும் புகார் வாங்கியதற்கு என்.சி.ஆர். (எஃப்.ஐ.ஆர். போடாமல் பதியும் புகார்) எண்ணோ, கன்னடத்தில் ஹிம்பரஹ என்று சொல்லும் எழுத்துப் பதிலோ கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நம்மில் பலர் ஸ்டேஷன் படியேறவே தயங்குவதற்கு வேறு காரணம் உண்டு. காவிரிப் பிரச்சினையில் 1991-லும் 2016-லும் இந்த ஊரில் நடந்தது யாருக்கும் மறக்கவில்லை. மொழி தெரியாமல் போனால் மதிக்க மாட்டார்களோ என்ற பயம் இருக்கிறது. என் அனுபவத்தில், உடைந்த கன்னடத்தில் பேசினாலும் பொறுமையாகக் கேட்டவர்களே அதிகம். புகார் என்பதற்கு தூரு, வாடகைக்கு பாடிகெ, ஒப்பந்தத்துக்கு கராரு. இந்த மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். கன்னடம் எழுதத் தெரிந்த அக்கம்பக்கத்தவர் ஒருவரைப் புகாரை எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது ஆங்கிலத்தில் கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதற்காக நிறுத்திவிட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம்; மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. நேரில் போவதானால் எச்.சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு, வீட்டுக்காரரோடு முகம்முறியாமல் முடிக்க அது நல்ல இடம். போகும்போது ஒப்பந்தம், வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, அனுப்பிய கடிதத்தின் தபால் ரசீது எல்லாவற்றையும் இரண்டிரண்டு நகல் எடுத்துப் போங்கள். அசலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள்.